வலது கன்னம் என்று ஏன் சொன்னார்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை. சரக்கு போய்ச் சேரத் தாமதமான ஆத்திரத்தில் முதலாளியின் மச்சினர் உங்களைக் கன்னத்தில் அறைந்துவிட்டார், அதுவும் உங்களுக்குக் கீழே வேலை செய்கிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பார்க்க. சபையில் ஒரு மூப்பர், "மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்காரு ஆண்டவர், ஜெபம் பண்ணிட்டு விட்டுருங்க தம்பி" என்கிறார். ஊரில் மாமா, "அடி வாங்கிட்டு வர்றதுக்கா வாராவாரம் கோயிலுக்குப் போறே, ரோசம் வேண்டாமா" என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேருமே வசனத்தைத் தப்பாகத்தான் படித்திருக்கிறார்கள், அதுவும் ஒரே மாதிரித் தப்பாக. 'ஒன்றும் செய்யாதே' என்று ஏசு சொன்னதாக இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். மூப்பர் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தார், மாமா கோழைத்தனம் என்று வைத்தார். வசனம் அப்படிச் சொல்லவே இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தேயு 5ஆம் அதிகாரம், மலைப்பிரசங்கம். "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல், என்று உரைக்கப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் உங்களுக்குச் சொல்லுகிறேன். தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம். ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு." 'உங்களுக்கு' என்று தொடங்கின பேச்சு சட்டென்று 'உன்னை' என்று இறங்குவதைப் பாருங்கள். கிரேக்க மூலத்திலும் அப்படியே இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒருத்தனைப் பார்த்து, அடி வாங்கின அந்த ஒருத்தனைப் பார்த்து, பேசுகிறார். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிப் போகும், நல்லவேளையாகத் தமிழில் தப்பித்தது. இதை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது, வலது. கன்னத்தில் அறைந்தால் என்று சொல்லியிருந்தாலே போதுமே, வலது என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? எங்கள் ஞாயிறு வேதபாட வகுப்பில் இதை நான் வாயால் விளக்குவதில்லை. இரண்டு பையன்களை எதிரெதிரே நிற்க வைத்து, "இவனோட வலது கன்னத்தில் அறையற மாதிரி கையைக் கொண்டு போ, மெதுவா" என்பேன். பையன் வலது கையை ஓங்குவான். உள்ளங்கை நேராக எதிராளியின் இடது கன்னத்துக்குப் போய் நிற்கும். "வலதுடா" என்றால் மணிக்கட்டை முறுக்குவான், தலையைச் சாய்ப்பான், என்னென்னமோ செய்து பார்ப்பான், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். போன வருஷம் ஒரு பையன் கடைசியில் கையைத் தன் இடது தோள் பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து வெளியே வீசினான். வீசிவிட்டு, "ஏனுங்கய்யா, இது பொறங்கையிலதான் வருது" என்றான்.

அதேதான். வலது கை வலது கன்னத்தில் படவேண்டுமானால் புறங்கையால்தான் பட முடியும். இடது கையால் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். நம் ஊரில் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாலே முகம் சுளிப்பார்கள் இல்லையா, அந்த நாட்டிலும் அப்படித்தான். சாக்கடல் பக்கம் கும்ரானில் இருந்த யூதக் குழுவின் ஒழுங்குச் சட்டம் சுருளாகக் கிடைத்திருக்கிறது. இடது கையை நீட்டிச் சைகை காட்டிப் பேசினாலே பத்து நாள் தண்டனை என்று அதில் இருக்கிறது.

புறங்கை அடி காயப்படுத்துவதற்கு அடிக்கிற அடி கிடையாது. சண்டை போடுகிறவன் புறங்கையால் அடிப்பானா? குத்துவான், இல்லை கையில் கிடைத்ததை எடுப்பான். எஜமான் அடிமையை, அதிகாரி கைதியை, தன்னைவிடக் கீழே என்று நினைக்கிறவனை, 'உன் இடம் எது என்று தெரிந்துகொள்' என்று அடிக்கிற அடி இது. யூத மரபுச் சட்டங்களை கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவில் இதற்கு அபராத விகிதமே உண்டு. குத்தினால் ஒரு சேலா, அதாவது நாலு சூஸ். அறைந்தால் 200 சூஸ். புறங்கையால் அறைந்தால் 400. ஒரு சூஸ் ஏறக்குறைய ஒரு வெள்ளிக்காசு, திராட்சத்தோட்ட உவமையில் ஒரு நாள் கூலியாக வருகிற காசு. கூட்டிப் பாருங்கள், குத்துக்கு நாலு நாள் கூலி, புறங்கை அறைக்கு ஒரு வருஷத்துக்கும் மேலான கூலி. வலிக்கு இவ்வளவு வித்தியாசம் வராது, மானத்துக்குத்தான் வரும். அடிபட்டவனின் அந்தஸ்தைப் பார்த்துத்தான் தொகை என்று அங்கே ஒரு விதி. அதை ரபி அகிபா என்ற யூத வேத ஆசிரியர் மறுக்கிறார். இஸ்ரவேலில் பரம ஏழைகூட சொத்தை இழந்த சுதந்திர மனிதன்தான், ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபின் பிள்ளை என்கிறார். எனக்கு மிஷ்னாவில் பிடித்த இடங்களில் அது ஒன்று.

நம் கொங்குச் சீமையில் இந்தப் புறங்கை அடி பெரும்பாலும் வாயால்தான் விழும். வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி பண்ணுவதே 'ங்க'வை வைத்துத்தானே. வாங்க, இல்லீங்க, சரீங்க, ஏனுங்க. சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்கிற ஊர். ஆனால் அந்த 'ங்க' எல்லாருக்கும் கிடைத்ததா? அறுபது வயதுக்காரரை ஆறு வயதுப் பையன் பேர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்ட தோட்டங்கள் இங்கே எத்தனை. 'ங்க' என்று சொல்லத் தெரியாமல் சொல்லாமல் விட்டதில்லை, இன்னாருக்கு இது கிடையாது என்று தெரிந்து விட்டது. அதுதான் வலது கன்னம்.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயலில் பண்ணையாளாக இருந்தவர். படிப்பு கிடையாது. பைபிளை யாராவது வாசித்தால் கேட்பார். எனக்கு எட்டு வயது இருக்கும், பள்ளி லீவுக்குப் போயிருந்தேன். முறைத் தண்ணீர் அன்றைக்கு எங்கள் பண்ணாடிக்கு, நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு. விடிகாலையில் பார்த்தால் மடை திரும்பி, தண்ணீர் பக்கத்து வயலில் நிற்கிறது. சின்னப் பண்ணாடி, பெரியவருடைய மகன், புல்லட்டில் வந்து இறங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. புறங்கையால் ஒன்று விட்டார். கையில் வாட்ச் கட்டியிருந்தார், அதன் பட்டை உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. அப்புச்சி தோளில் கிடந்த துண்டு சேற்றில் விழுந்தது.

அப்புச்சி அதைக் குனிந்து எடுத்தார். பண்ணாடி முன்னால் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும், அல்லது கக்கத்தில். விடிகாலையில் ஆள் இல்லாத நேரம் என்று தோளில் போட்டிருந்தார். எடுத்த துண்டை உதறி, மறுபடி தோளிலேயே போட்டார். போட்டுவிட்டு அங்கேயே நின்றார். "இன்னொண்ணு அடிக்கோணும்னா அடிச்சுக்குங்க. மடையை நான் திருப்பலீங்க." அவ்வளவுதான். 'ங்க' இருந்தது. எப்போதும் கூடவே வரும் 'சாமி' இல்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, சேறு ஒழுகுகிற துண்டைப் போய்த் தோளில் போடுகிறாரே, சட்டை நனையுமே என்றுதான் நினைத்தேன். சின்னப் பண்ணாடி கையைப் பாதி தூக்கினார். என்ன நினைத்தாரோ, வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவெல்லாம் இல்லை. அந்த வாரமே வேலை போயிற்று. பண்ணாடி மனம் திரும்பவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கோயமுத்தூர் மில் பக்கம் வந்தார்கள். பிரசங்கத்தில் இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்கள் கடைசியில் அடித்தவனைக் கண்ணீர் விட வைத்துவிடுவார்கள். மறு கன்னம் காட்டினால் எதிராளி திருந்துவான் என்று ஏசு எங்கேயும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

ஆனால் மறு கன்னம் என்றால் என்ன என்று அந்த வாய்க்கால் மேட்டில்தான் பார்த்தேன். புறங்கையால் அடித்தவனுக்கு இடது கன்னத்தைத் திருப்பினால் அவனுக்கு மறுபடி புறங்கை வாகாக விழாது. அடிப்பதானால் சமமான ஆளை அடிக்கிற மாதிரி உள்ளங்கையால் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கையை இறக்க வேண்டும். அடி வாங்கினவன் ஓடவும் இல்லை, காலில் விழவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. நான் இங்கேதான் நிற்கிறேன், நீ நினைத்த இடத்தில் நான் இல்லை என்று முகத்தாலேயே சொல்லிவிடுகிறான்.

இந்தப் புறங்கை விளக்கத்தை அமெரிக்க வேதாகம அறிஞர் வால்டர் விங்க் பரப்பினார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். லூக்கா 6:29இல் இதே போதனை வருகிறது, அங்கே 'வலது' என்ற சொல்லே இல்லை. அறைவது என்பதற்குப் பதிலாகப் பொதுவாக அடிப்பது என்ற வினைதான் இருக்கிறது. ஆக, புறங்கை ஒன்றிலேயே முழு போதனையையும் தொங்கவிட்டால் லூக்காவில் அறுந்துவிடும். மத்தேயு ஒரு காரணத்தோடுதான் வலது என்று எழுதினார் என்பது என் எண்ணம், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

'எதிர்த்து நிற்கவேண்டாம்' என்பதற்கு வருவோம், மூப்பர் பிடித்துக்கொண்டது அதைத்தான். எந்த எதிர்ப்பும் கூடாது என்று அர்த்தமானால், யாக்கோபு 4:7இல் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்று அதே கிரேக்க வினை ஏன் வருகிறது? பேதுரு அந்தியோகியாவில் தப்பு பண்ணினபோது "முகமுகமாய் எதிர்த்தேன்" என்று கலாத்தியர் 2:11இல் பவுல் எழுதுகிறாரே, அதுவும் அதே வினைதான். கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் அது பல இடங்களில் போர்க்களத்தில் அணிவகுத்து எதிர்த்து நிற்பதற்கு வருகிற சொல். அதோடு, இந்த வசனம் வருவது 'கண்ணுக்குக் கண்' என்பதற்குப் பதிலாக. அந்தச் சட்டமே ஒரு காலத்தில் கடிவாளமாக வந்தது. ஆதியாகமத்தில் லாமேக்கு எழுபத்தேழு மடங்கு பழி என்று பாடுகிறான். இல்லை, ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான், அதற்கு மேல் போகாதே என்று மோசே கட்டினார். வரப்பில் ஒரு சாண் மண்ணை வெட்டிப் போட்டதற்கு மூன்று தலைமுறையாகப் பங்காளிகள் கோர்ட்டுக்கு நடப்பதைப் பார்த்த நமக்கு அந்தக் கடிவாளத்தின் அருமை தெரியும். ஏசு அதையும் இன்னும் இறுக்குகிறார்: அவன் எடுத்த ஆயுதத்தையே நீயும் எடுக்காதே. சும்மா இரு என்பது அதில் எங்கே இருக்கிறது?

சும்மா இருக்கச் சொல்லவில்லை என்பதற்கு அடுத்த இரண்டு வரியே சாட்சி. உன் வஸ்திரத்துக்காக வழக்குப் போடுகிறவனுக்கு அங்கியையும் விட்டுவிடு என்கிறார். வஸ்திரம் உள்ளே போடுவது, அங்கி மேலே போர்த்துவது. ஏழைக்கு ராத்திரிப் போர்வையும் அந்த அங்கிதான். அதனால் அதை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று யாத்திராகமம் 22இல் சட்டமே இருக்கிறது. அதாவது கடன் கொடுத்தவன் கேட்கவே முடியாத பொருளை இவனாகக் கழற்றி நீட்டுகிறான். ரேஷன் கார்டையும் ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு வாராவாரம் வசூலுக்கு வருகிற வட்டிக்காரர் முன்னால், நாலு பேர் பார்க்க, "இந்தாங்க, வேட்டியும் இருக்குது" என்று ஒருத்தர் அவிழ்த்துக் கொடுத்தால் வெட்கப்பட்டு ஓடுவது யார்? கொஞ்சம் குறும்பும் இருக்கிறது இந்த வசனத்தில். பிரசங்கபீடத்தில் யாரும் சிரிக்காததால் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு மைல் பலவந்தம் பண்ணினால் இரண்டு மைல் போ என்பது அதற்கடுத்தது. பலவந்தம் என்று இங்கே மொழிபெயர்த்திருக்கிற கிரேக்கச் சொல்லின் வேர் பாரசீக அரசாங்கத் தபால் முறையிலிருந்து வந்தது. வழியில் போகிறவனைப் பிடித்து, மூட்டையைத் தூக்கு, கழுதையைக் கொடு என்கிற அரசாங்க உரிமை. தமிழில் இதற்குச் சரியான பழைய சொற்கள் உண்டு, வெட்டி, அமஞ்சி. கல்வெட்டுகளில் வருகிற அந்த வெட்டிதான் கூலியில்லாக் கட்டாய வேலை, இன்றைக்கு 'வெட்டி வேலை' என்று நாம் சொல்வதில் மிச்சமிருக்கிறது. சிரேனே ஊர் சீமோனைப் பிடித்து ஏசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்களே, அங்கேயும் இதே சொல்தான். ஏறக்குறைய அந்தக் காலத்துக்குச் சற்றுப் பிந்தி வாழ்ந்த எபிக்டெட்டஸ் என்ற தத்துவ ஆசிரியர், தானே அடிமையாக இருந்தவர், ராணுவ வீரன் உன் கழுதையைப் பிடித்தால் விட்டுவிடு, முரண்டு பிடித்தால் அடியும் விழும், கழுதையும் போகும் என்றார். நியாயமான புத்திமதி, நம் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஏசு சொல்வது வேறு. முதல் மைல் அவன் பிடித்து இழுத்தது. இரண்டாவது மைல் நீயாகப் போவது. இரண்டாவது மைலில் மூட்டை யார் இஷ்டத்தில் நகர்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் விடுங்கள். சொன்னவரையே ஒருத்தன் அறைந்தபோது அவர் என்ன செய்தார்? மூப்பரிடம் நீங்கள் காட்ட வேண்டிய இடம் இதுதான். யோவான் 18. பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணை நடக்கிறது, ஏசு பதில் சொல்கிறார், பக்கத்தில் நின்ற சேவகன் ஒருவன், பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று ஓர் அறை விடுகிறான். ஏசு மறு கன்னத்தைத் திருப்பவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். திட்டவில்லை, சபிக்கவில்லை, கையை ஓங்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டார், அதுவும் சபையில் எல்லார் முன்னாலும். பவுலை இப்படி அடிக்கச் சொன்னபோது அவருக்கு அந்தப் பொறுமை இல்லை, "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று எகிறிவிட்டார், அப்புறம் எதிரே இருந்தது பிரதான ஆசாரியன் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். அதே பவுல் பிலிப்பியில், ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அதிகாரிகளே வந்து வெளியே கூட்டிப் போகட்டும் என்று அசையாமல் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் வந்து கெஞ்சிக் கூட்டிப் போனார்கள். அப்போஸ்தலர் 16, வாசித்துப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

உங்கள் மாமாவின் கேலியும் புதுசு இல்லை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ரோமாபுரிக்காரர்கள் கேட்டார்கள், அடித்தவனுக்குக் கன்னம் காட்டுகிற மதத்தை வைத்துக்கொண்டு ராஜ்யம் எப்படி நடக்கும் என்று. மார்செல்லினஸ் என்ற அதிகாரிக்கு 412 வாக்கில் அகஸ்தீன் என்ற பேராயர் எழுதின பதில் கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. அதில் அவரும் இந்த யோவான் 18ஐத்தான் எடுக்கிறார். மறு கன்னம் என்பது முதலில் உள்ளத்தின் நிலை, கன்னத்தைத் திருப்புகிற உடற்பயிற்சியாக எடுத்தால் ஏசுவே தன் சொல்லைக் காப்பாற்றவில்லை என்று ஆகிவிடும் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். உள்ளத்தில் அன்பு இருந்தால் போதும், கையில் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று இதை நீட்டிக்கொண்டு போய் சண்டைக்கெல்லாம் ஆசீர்வாதம் வாங்கினவர்கள் பிற்காலத்தில் நிறையப் பேர்.

இனி அந்த 'உன்னை'. வசனம் அடி வாங்கினவனிடம் பேசுகிறது, அவனுடைய சொந்தக் கன்னத்தைப் பற்றி. இன்னொருவர் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிவிட இதில் யாருக்கும் அதிகாரம் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும், மன்னித்துக்கொள்ளுங்கள். பல வருஷம் முன்னால், ஒரு சபையில், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று கண்ணுக்குக் கீழே கன்றிப்போன முகத்தோடு ஒரு அம்மிணி வந்து நின்றாள். இந்த வசனத்தையே சொல்லி, ஜெபம் பண்ணி, ஆட்டோ பிடித்து அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் இரண்டாவது தடவை வரும்போது கை உடைந்திருந்தது.

அந்த ஆட்டோவுக்குக் காசு கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால்தான் இந்த வசனத்தை இவ்வளவு தோண்டிப் படித்தேன். அடிபடுகிறவள் வீட்டை விட்டு வெளியேறுவது, பெண்கள் உதவி எண் 181க்குப் போன் பண்ணுவது, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு உத்தரவு வாங்குவது, இதில் எதையும் மலைப்பிரசங்கம் தடுக்கவில்லை. தன் கன்னத்துக்காகப் பழி வாங்காதே, ஆனால் அயலான் அடிபடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்கிற வித்தியாசத்தை 1523இல் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் எழுதிவைத்தார். அவர் அதை அரசாங்க வாளுக்கு நியாயம் சொல்ல எழுதினார், நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்காக எடுத்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு வருகிறேன். கோழைத்தனம் என்கிறாரே, அவரைத் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சென்னிமலையில் பிறந்த பையன், மில்லில் கணக்கு எழுதினவன். 1932 ஜனவரி 10ஆம் தேதி கொடியோடு ஊர்வலம் போனான், போலீஸ் தடியால் மண்டையைப் பிளந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். திருப்பி ஒரு கல் எறியவில்லை. கொடியைக் கீழே போடவும் இல்லை. கோழை என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றின தெருவில் நடக்க விடாமல் தடுப்பு வைத்தார்களே, தினமும் போய் அந்தத் தடுப்பு முன்னால் நின்று அடியும் சிறையும் வாங்கினார்கள். அங்கே ஆரம்பத்தில் முன்னால் நின்றவர்களில் ஜார்ஜ் ஜோசப் ஒரு சிரியன் கிறிஸ்தவர். ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு தடவை உள்ளே போனார். பெரியாரை மலைப்பிரசங்கத்துக்குள் இழுத்தால் அவர் தொண்டர்கள் என்னை விடமாட்டார்கள், அவரே விடமாட்டார், அது தெரியும். ஆனால் அந்த முறை எங்கிருந்து வந்தது என்று பின்னால் நடந்து போனால், காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்த ரஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோய் வருவார், தல்ஸ்தோய்க்குப் பின்னால் இந்த மத்தேயு 5:39 வரும். 'தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்' என்ற அந்த ஒரே வரியை வைத்துத்தான் அவர் பக்கம் பக்கமாக எழுதினார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் மேலே சொன்னதை வைத்துக்கொண்டு நீங்கள் வேறு பக்கம் போய்விடுவீர்கள். மறு கன்னம் என்பதை எதிராளியைக் கூனிக் குறுக வைக்கிற சாமர்த்தியமாக மட்டும் எடுத்தால் அதுவும் ஒரு பழிதான், கை படாத பழி. "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்று நாம் பள்ளியில் படித்தது. அதில் 'அவர்நாண' என்பதோடு நிறுத்திவிடுகிறோம், கடைசிச் சீரை விட்டுவிடுகிறோம். செய்துவிடு, செய்ததை மறந்தும் விடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஏசு சொல்கிற காரணம் நாணத்தைப் பற்றியே இல்லை. ஐந்து வசனம் தள்ளி சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்கிறார், ஏனென்றால் உங்கள் பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப் பண்ணுகிறார், இருவர் மேலும் மழை பெய்யப் பண்ணுகிறார். மூதுரையில் ஔவையார் நல்லவர் ஒருவர் இருந்தால் அவர்பொருட்டு எல்லார்க்கும் மழை என்பார். ஏசு அந்த ஒரு நல்லவரைக்கூட நிபந்தனையாக வைக்கவில்லை. மானாவாரிக் காட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை பங்காளி வரப்போடு நிற்பதில்லை. அந்த மச்சினரை வெறுக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, கேள்வி கேட்பதுகூட அதைவிடச் சுலபம்.

நீங்கள் என்ன செய்வது என்றால், நாளைக்கு வேலைக்குப் போங்கள். லீவு போட்டு மறைய வேண்டாம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு செக்கிங் டேபிளைச் சுற்றவும் வேண்டாம். மத்தேயு 18இல் ஒரு வரிசை இருக்கிறது, முதலில் தனியாகப் பேசு, கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறம் சபைக்குச் சொல். அது சபைச் சகோதரர்களுக்குச் சொன்ன வரிசை, ஆனாலும் எந்தத் தகராறுக்கும் நல்ல வரிசை. முதலில் முதலாளியைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். அடி நாலு பேர் முன்னால் விழுந்தது, ஆகவே அதைப் பற்றின பேச்சும் அந்த நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் ஸ்டேஷனில் மனு கொடுப்பது பாவமில்லை. பவுல் இராயன் வரைக்கும் அப்பீல் போனவர். மனு கொடுத்துவிட்டு அந்த ஆளுக்காக ஜெபமும் பண்ணலாம், ஒன்றுக்கொன்று இடிக்காது. மூப்பர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

மச்சினரை நேரில் பார்க்கும்போது என்ன சொல்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஓங்கிப் பேச வேண்டாம், குழையவும் வேண்டாம். "நான் பண்ணினது தப்புன்னா என்ன தப்புன்னு சொல்லுங்க. தப்பில்லீன்னா எதுக்குங்க அடிச்சீங்க?" யோவான் 18:23 நம் ஊர்ப் பேச்சில் அவ்வளவுதான் வரும். கேட்டுவிட்டு அவர் பதில் சொல்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.